சாவி யார் கையில்? – பெண்களின் ஊடகக் கூடங்கள் சொல்லும் பாடம்

‘மண்டி’ என்ற சொல்லைத் தமிழருக்கு விளக்க வேண்டியதில்லை. வெங்காய மண்டி, அரிசி மண்டி, வாழைக்காய் மண்டி என்று நம் ஊர் ஒவ்வொன்றிலும் அது உண்டு. ‘மொஹல்லா’ உருது வழியாக வந்த சொல். ஒருவர் வீட்டு விசேஷத்துக்கு அடுத்த வீட்டார் பாய் விரிக்கும் குடியிருப்பு என்று பொருள் கொள்ளலாம். மைசூருவின் பழைய பகுதிகள் பலவும் இந்தப் பெயரைச் சுமக்கின்றன: லஷ்கர் மொஹல்லா, தேவராஜ மொஹல்லா, கிருஷ்ணராஜ மொஹல்லா, வாணி விலாஸ் மொஹல்லா. மண்டி மொஹல்லாவின் பெயரில் மட்டும் சந்தையும் குடியிருப்பும் ஒட்டி நிற்கின்றன.

கலை உலகத்தையும் இந்த இரண்டு சொற்களால் அளந்து பார்க்கலாம். கண்காட்சி, விழா, விருது, விற்பனை எல்லாம் மண்டியின் பக்கம். கருவியை இரவல் தருவது, பாதி முடித்த வேலையைக் கூச்சமில்லாமல் காட்ட இடம் தருவது, தவறு செய்தால் சிரிக்காமல் திருத்துவது, இவையெல்லாம் மொஹல்லாவின் பக்கம். வளரும் கலைஞர்களை ஆதரிக்கிறோம் என்று சொல்லும் அமைப்புகள் பெரும்பாலும் மண்டிக்கான கதவைத்தான் திறந்து வைக்கின்றன. கேமராவையும் ஒலிப்பதிவுக் கருவியையும் கணினியையும் முதன்முறையாகத் தொடும் ஒரு பெண்ணுக்கு அதற்கு முன்பே வேறொன்று தேவைப்படுகிறது. உள்ளே போக ஓர் அறையும், அந்த அறையின் சாவியும். பெண்ணியக் கண்ணோட்டத்தோடு இயங்கிய ஊடகக் கலைக் கூட்டமைப்புகள் பலவற்றின் வரலாற்றைப் புரட்டினால், அவை சாதித்தது எல்லாம் இந்தச் சாவியை ஒட்டித்தான் நடந்திருக்கிறது. அவை தோற்ற இடங்களில் சாவி வேறு யார் கையிலோ இருந்திருக்கிறது. மைசூருவில் தொடங்கி, வேறு ஊர்களையும் தொட்டு இதைச் சொல்ல முயல்கிறேன்.

ஒரு வாசல், ஒரு பள்ளி, ஒரு வானொலி

மண்டி மொஹல்லாவின் சாடே சாலையில் இருக்கிறது ஹோல்ட்ஸ்வொர்த் நினைவு மருத்துவமனை. ஊர்க்காரர்களுக்கு அது மிஷன் ஆஸ்பத்திரி. 1906-ல் வெஸ்லியன் மிஷனரிகள் அதைப் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் என்றே திறந்தார்கள். ஆண் மருத்துவரிடம் மனைவியை அனுப்ப மாட்டேன் என்று வீடுகள் சாதித்த காலம் அது. மருந்து இருந்தும் அது இருக்கும் இடம்வரை நடந்து போக வழியில்லாத பெண்ணுக்கு, முதலில் ஒரு வாசல் தேவைப்பட்டது.

அதே 1906-ல், நடந்து போகும் தூரத்தில் உள்ள சையாஜி ராவ் சாலையில், சாமராஜேந்திரத் தொழிற்கல்வி நிலையத்துக்கு அடிக்கல் நாட்டினார் அன்றைய வேல்ஸ் இளவரசர், பிற்காலத்தில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர். மரவேலையும் ஓவியமும் சிற்பமும் கற்றுத்தரும் மரபு அங்கே வளர்ந்தது. 1980-களின் தொடக்கத்தில் அதன் வழியாகவே சாமராஜேந்திர காட்சிக்கலை அகாதமி உருவாயிற்று. ஊர் வழக்கில் ‘காவா’. இன்று மைசூருவில் ஓவியம், சிற்பம், அச்சுக்கலை, புகைப்படம் படிக்க வரும் இளைஞர்களின் முகவரி அதுதான்.

மூன்றாவது, வானொலி. மைசூரு மகாராஜா கல்லூரியின் உளவியல் பேராசிரியர் எம். வி. கோபாலஸ்வாமி 1935-ல் தம் வீட்டிலிருந்து சிறு ஒலிபரப்பு நிலையம் ஒன்றை நடத்தத் தொடங்கினார். அதற்கு வைத்த பெயர் ‘ஆகாசவாணி’. இந்தியா முழுவதும் பின்னால் ஏற்றுக்கொண்ட அந்தப் பெயர் இந்த ஊரில்தான் முதலில் காற்றில் ஏறியது. ஓர் ஊடகம் ஒருவருடைய வீட்டு அறையில் பிறக்க முடியும் என்பதை மைசூரு 90 ஆண்டுகளுக்கு முன்பே கண்டுவிட்டது. ஆனால் அது பேராசிரியரின் வீடு. கருவி வாங்கப் பணமும், வெளிநாட்டில் படித்த அனுபவமும், அரசவையில் அறிமுகமும் உள்ளவரின் வீடு. பீடி சுற்றும், ஊதுபத்தி உருட்டும் ஒரு பெண்ணின் வீட்டில் வானொலி பிறக்க எவ்வளவு காலம் ஆகும் என்ற கேள்விக்கு அன்று யாரும் விடை தேடவில்லை.

அந்தக் கேள்வியைக் கேட்கும் பெண்கள் இந்த நகரில் 1970-களின் இறுதியில் கூடினார்கள். கன்னடத்தின் முன்னோடிப் பெண்ணிய எழுத்தாளரும் மைசூர்ப் பல்கலைக்கழக ஆசிரியருமான விஜயா தப்பெ முன்னின்று தொடங்கிய ‘சமதா வேதிகெ’ அப்படிப்பட்ட ஒரு கூட்டம். அவர்களுடைய கருவி பேச்சும் எழுத்தும். கேமராவும் ஒலிப்பதிவுக் கருவியும் வர இன்னும் இருபத்தைந்து ஆண்டுகள் ஆயின.

‘கேளு ஸகி’

மத்திய அரசின் மஹிளா சமக்யா திட்டம் 1988-89-ல் கர்நாடகம், குஜராத், உத்தரப் பிரதேசம் ஆகிய மூன்று மாநிலங்களில் தொடங்கியது. கிராமத்து ஏழைப் பெண்களைச் சங்கங்களாகத் திரட்டி, தங்கள் சிக்கலைத் தாங்களே பேசித் தீர்க்கப் பழக்குவது அதன் நோக்கம். கடன் கொடுக்கும் குழு அல்ல அது. உட்கார்ந்து பேசும் குழு. மைசூரு மாவட்டக் கிராமங்களில் இத்தகைய சங்கங்கள் வேரூன்றி இருந்தன.

2000-களின் நடுவில் பெங்களூருவைச் சேர்ந்த ஐடி ஃபார் சேஞ்ச் அமைப்பு இந்தச் சங்கங்களோடு கைகோத்து ‘மாஹிதி மந்தன’ என்ற முயற்சியைத் தொடங்கியது. தகவலைக் கடைந்தெடுப்பது என்று பொருள் சொல்லலாம். அதற்கு மூன்று கிளைகள்: ஒரு வானொலி நிகழ்ச்சி, சங்கப் பெண்களை வைத்து எடுக்கும் வீடியோ படங்கள், கிராமத்துப் பெண் ஒருவரே பொறுப்பேற்று நடத்தும் கணினி மையம். வானொலி நிகழ்ச்சியின் பெயர் ‘கேளு ஸகி’. ‘கேள் தோழி’ என்று அப்படியே தமிழாகிவிடும். கர்நாடக மாநிலத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் ஞானவாணி பண்பலை வழியாக அது வாரந்தோறும் ஒலித்தது.

சொந்த நிலையம் ஏன் வைத்துக்கொள்ளவில்லை என்று கேட்பவர்களுக்குச் சட்ட வரலாறு பதில் சொல்லும். வானலைகள் பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 1995-ல். அடுத்த ஆண்டே சமுதாய வானொலி வேண்டும் என்று பெங்களூருவில் கூடிய ஆர்வலர்கள் ஒரு பிரகடனம் வெளியிட்டார்கள். அரசு 2002 இறுதியில் கல்வி நிறுவனங்களுக்கு மட்டும் கதவைத் திறந்தது. அந்தக் கதவின் வழியாகத்தான் 2004-ல் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தின் அண்ணா எஃப்எம் வந்தது. தொண்டு நிறுவனங்களும் மக்கள் அமைப்புகளும் உரிமம் கேட்கலாம் என்ற அனுமதி 2006 நவம்பரில்தான் கிடைத்தது. கோலார் மாவட்டத்துப் பூதிக்கோட்டையில் ‘நம்ம த்வனி’ குழுவினர் காற்றில் ஒலிபரப்ப அனுமதி இல்லாததால் தொலைக்காட்சிக் கேபிள் வழியாகத் தங்கள் நிகழ்ச்சியை வீடுகளுக்கு அனுப்பினார்கள். உரிமம் தராத அரசுக்குக் கம்பி ஒன்றைப் பதிலாகக் காட்டினார்கள் என்றே சொல்லலாம்.

‘கேளு ஸகி’யில் கவனிக்க வேண்டியது அதன் கேட்பு முறை. சங்கப் பெண்கள் கூட்டமாக உட்கார்ந்து கேட்டார்கள். ஒலிப்பது தங்கள் ஊர்க் குரல். நகரத்து அறிவிப்பாளரின் நறுக்கிய கன்னடத்தை எதிர்பார்த்துப் பழகிய காதில், வயல் வேலைக்கு வரும் தோழியின் பேச்சு அதே வானொலிப் பெட்டியிலிருந்து வந்தால் என்ன நடக்கும்? தன் பேச்சும் பொதுவில் வைக்கத் தகுந்தது என்ற எண்ணம் முளைக்கும். கலைஞர் உருவாகும் கணம் இதுதான். கருவியை இயக்கக் கற்பது அதற்குப் பின்னால் வருகிறது.

ஐடி ஃபார் சேஞ்ச் அமைப்பு ‘கிஷோரி சித்ரபட’ என்ற இன்னொரு முயற்சியில் வளரிளம் பெண்களிடம் கேமராவையும் ஒலிப்பதிவுக் கருவியையும் கொடுத்தது. பள்ளியை விட்டு நின்றுவிட்ட பெண்கள் அவர்கள். பதினைந்து வயதுப் பெண் தேநீர்க்கடைப் பக்கம் நின்றால் ஊர் கேள்வி கேட்கும். அவள் கையில் கேமரா இருந்தால், அங்கே நிற்க அவளுக்கு ஒரு வேலை இருக்கிறது. படம் நன்றாக வந்ததா இல்லையா என்பது அப்புறம். தெருவில் நிற்பதற்கான நியாயத்தை அந்தக் கருவி முதலில் தருகிறது. பாட்டியிடம் ஒலிவாங்கியை நீட்டி ‘உங்கள் கல்யாணம் எத்தனை வயதில்?’ என்று கேட்கும் பேத்தி, வீட்டுக்குள் கேட்கக் கூடாத கேள்வியைக் கருவியின் பெயரால் கேட்டுவிடுகிறாள். அந்த ஒலிப்பதிவை உட்கார்ந்து வெட்டி ஒட்டும்போது, எந்த வாக்கியத்தை வைப்பது, எதை விடுவது என்று முடிவு செய்யும் அதிகாரமும் அவளுக்கு வருகிறது. வீட்டில் எந்தக் காய் நறுக்குவது என்பதைக்கூட முடிவு செய்ய விடாத இடத்தில் இது சிறிய அதிகாரம் அல்ல.

சங்கம் ஷாட்

மைசூருவில் 1945-ல் பிறந்த பி. வி. சதீஷ் தூர்தர்ஷன் தயாரிப்பாளராகப் பல ஆண்டுகள் பணியாற்றியவர். பின்னர் அன்றைய ஆந்திரத்தின் மேதக் மாவட்டத்தில், ஜஹீராபாத் வட்டாரத்து தலித் பெண்களின் சங்கங்களோடு வேலை செய்யும் தக்காண மேம்பாட்டுக் கழகத்தை உருவாக்கியவர்களுள் ஒருவரானார். 2023-ல் காலமானார். சிறுதானியமும் விதைப் பாதுகாப்பும் அந்த அமைப்பின் பெயரை உலகறியச் செய்தன. ஊடகக் கலை வரலாற்றிலும் அதற்கு ஓர் இடம் உண்டு.

அங்கே எழுதப் படிக்கத் தெரியாத, கூலி வேலை செய்யும் பெண்கள் 1990-களின் இறுதியில் வீடியோ கேமரா பழகினார்கள். பிறகு சமுதாய ஊடக அறக்கட்டளை என்ற பெயரில் தங்களுக்கென்று ஓர் அமைப்பு வைத்துக்கொண்டார்கள். பயிற்சி தந்தவர்கள் வழக்கமான பாடத்தைத்தான் எடுத்தார்கள்: கேமராவைக் கீழே வைத்து மேல்நோக்கி எடுப்பது, மேலே வைத்துக் கீழ்நோக்கி எடுப்பது, கண்மட்டத்தில் எடுப்பது. ஆங்கிலப் பெயர்கள் அந்தப் பெண்களின் வாயில் நிற்கவில்லை. அவர்களே பெயர் வைத்தார்கள்.

மேலிருந்து கீழே பார்ப்பது ‘பட்டேல் ஷாட்’. திண்ணை மேல் உட்கார்ந்த பண்ணையார் முற்றத்தில் நிற்கும் கூலிக்காரியைப் பார்ப்பது அப்படித்தான். கீழிருந்து மேலே பார்ப்பது ‘அடிமை ஷாட்’. அந்தக் கூலிக்காரி பண்ணையாரைப் பார்ப்பது அப்படித்தான். கண்மட்டத்தில் எடுப்பது ‘சங்கம் ஷாட்’. சங்கக் கூட்டத்தில் எல்லோரும் தரையில் வட்டமாக உட்கார்வார்கள். யாருடைய கண்ணும் யாருடைய கண்ணைவிட உயரத்தில் இல்லை.

திரைப்படக் கல்லூரிகளில் பல வாரம் நடத்தப்படும் கோட்பாடு இந்த மூன்று பெயர்களுக்குள் இருக்கிறது. கேமராக் கோணம் என்பது அழகு சார்ந்த தேர்வு என்று நினைத்துக்கொண்டிருப்பவர்களுக்கு, அது அதிகாரம் சார்ந்த தேர்வு என்று இந்தப் பெண்கள் உடம்பின் அனுபவத்திலிருந்து சொன்னார்கள். இந்தக் குழு வாரங்கல் பருத்தி விவசாயிகளின் நிலையைத் தொடர்ந்து சென்று பதிவு செய்த படங்கள், மரபணு மாற்றப் பருத்தி பற்றிய விவாதத்தில் பேசப்பட்டன.

அவர்களுடைய வானொலிக்கு நேர்ந்தது இன்னொரு பாடம். யுனெஸ்கோ உதவியோடு 1998-லேயே மாச்சனூர் கிராமத்தில் நிலையம் தயாராகிவிட்டது. உரிமம் இல்லை. நிகழ்ச்சிகளைப் பதிவு செய்து ஒலிநாடாவாகச் சங்கக் கூட்டங்களில் ஓடவிட்டுக்கொண்டு பத்தாண்டு காத்திருந்தார்கள். 2008 அக்டோபர் 15 அன்று ‘சங்கம் ரேடியோ’ காற்றில் ஏறியது. நாட்டின் முதல் பெண்கள் சமுதாய வானொலி என்று அது குறிக்கப்படுகிறது. அதை நடத்திய இரண்டு பெண்களின் பெயரும் நரசம்மா. பத்தாண்டு காத்திருப்பில் பயிற்சி வீணாகாமல் பார்த்துக்கொண்டது எது? அறை அவர்களிடம் இருந்தது. கருவி அவர்களிடம் இருந்தது. கேட்கும் காது பக்கத்து ஊரில் இருந்தது.

கணினி வந்த மொஹல்லா

மொஹல்லா என்ற சொல்லையே பெயரில் வைத்துக்கொண்ட முயற்சி தில்லியில் நடந்தது. ராக்ஸ் மீடியா கலெக்டிவ் கலைஞர்களும் வளரும் சமூகங்கள் ஆய்வு மைய ஆய்வாளர்களும் சேர்ந்து நிறுவிய ‘சராய்’, மாற்றுக் கல்விக்கான ‘அங்குர்’ அமைப்போடு இணைந்து 2001-ல் ‘சைபர்மொஹல்லா’வைத் தொடங்கியது. முதல் இடம், நகரின் நடுவே இருந்த எல்.என்.ஜே.பி. குடிசைப் பகுதி. அங்கே ஓர் அறையில் சில கணினிகள், கட்டற்ற மென்பொருள், ஒலிப்பதிவுக் கருவி, டிஜிட்டல் கேமரா. அந்த அறைக்கு இளைஞர்கள் வைத்த பெயர் ‘கம்ப்யூகர்’, அதாவது கணினி வீடு. பிறகு தட்சிண்புரியிலும், யமுனைக் கரையிலிருந்த நங்லா மாஞ்சியிலும் இதேபோல் கூடங்கள் வந்தன. வந்தவர்களில் இளம்பெண்கள் கணிசம்.

அங்கே பாடத்திட்டம் என்று ஒன்று இருக்கவில்லை. ஒவ்வொருவரும் தெருவில் கண்டதை, கேட்டதை எழுதிக்கொண்டு வருவார்கள். வட்டமாக உட்கார்ந்து வாசிப்பார்கள். ஒருவர் எழுத்தின் மேல் மற்றவர் கேள்வி கேட்பார். பிறகு அதுவே ஒலியாகும், அசைபடமாகும், சுவரொட்டியாகும், புத்தகமாகும். ‘ஏழைக் குழந்தைகளுக்குக் கணினி கற்பித்தோம்’ என்று சொல்லி முடித்துவிடக் கூடிய வேலையை, நகரத்தைப் பற்றிப் புதிதாக எழுதும் ஒரு தலைமுறையை வளர்க்கும் வேலையாக மாற்றியது அந்த வட்டம்தான். 2006-ல் நங்லா மாஞ்சி இடிக்கப்பட்டது. இடிபடுவதை அங்கே வாழ்ந்தவர்களே நாள்தோறும் எழுதினார்கள். அந்த எழுத்துகளும் சேர்ந்த இந்தி நூல் 2007-லும், அதன் ஆங்கில வடிவம் ‘டிரிக்ஸ்டர் சிட்டி’ 2010-லும் வெளிவந்தன.

இடிபாட்டுக்குப் பின்னும் எழுத்து நின்றது என்பதை நாம் பாராட்டலாம். கூடவே கணக்கில் எடுக்க வேண்டியது, அறை நின்ற நிலம் அவர்களுடையது அல்ல என்பது.

ஓவியர்களின் பக்கம்

இதுவரை சொன்ன பெண்களை நம் கலை இதழ்கள் ‘கலைஞர்’ என்று எழுதுவதில்லை, ‘பயனாளி’ என்று எழுதுகின்றன. கலைக் கல்லூரியில் படித்து வந்த பெண்களின் நிலை வேறா? கொஞ்சம்தான்.

1969-ல் ஓவியர் அக்பர் பதம்சீ, தமக்குக் கிடைத்த நேரு உதவித்தொகையைக் கொண்டு பம்பாயில் ஒரு கூட்டுப் பட்டறையைத் தொடங்கினார். ஓவியர்களும் படமெடுப்பவர்களும் ஒரே கூரையின் கீழ் கேமராவும் எடிட்டிங் மேசையும் பயன்படுத்தலாம். கல்லூரியை அப்போதுதான் முடித்த நளினி மலானி அங்கே ‘டிரீம் ஹவுசஸ்’ என்ற குறும்படத்தை எடுத்தார். அந்தக் கூட்டத்தில் அவர் ஒருவரே பெண். இந்திய வீடியோக் கலையின் முன்னோடி என்று இன்று உலக அருங்காட்சியகங்கள் கொண்டாடும் ஒருவருக்குத் தொடக்கம் கொடுத்தது, இரண்டு மூன்று ஆண்டே நீடித்த ஒரு பட்டறை. அதே மலானி 1980-களில், ஆண்கள் நிறைந்த கலைச் சந்தையில் பெண்களுக்கு இடமில்லாததைக் கண்டு, அர்பிதா சிங், நிலிமா ஷேக், மாதவி பரேக் ஆகியோரோடு சேர்ந்து 1987 முதல் 1989 வரை ஊர் ஊராகக் கண்காட்சி நடத்தினார். சாவி கிடைத்தவர் அடுத்த கதவைத் திறந்தார்.

தில்லி ஜாமியா மிலியாவில் படித்து வெளிவந்த ஆறு பெண்கள் 1986-ல் ‘மீடியாஸ்டார்ம்’ என்ற குழுவாக இணைந்ததும் இப்படித்தான். முஸ்லிம் பெண்கள் சட்ட விவாதம் பற்றியும், ரூப் கன்வர் உடன்கட்டை ஏற்றப்பட்டது பற்றியும் அவர்கள் எடுத்த ஆவணப்படங்கள் இன்றும் ஊடக வகுப்புகளில் காட்டப்படுகின்றன. பெங்களூருவில் 2003-ல் மாணவியாக இருந்த ஜஸ்மீன் பதேஜா தொடங்கிய ‘பிளாங்க் நாய்ஸ்’ இன்னும் நெருக்கமான உதாரணம். தெருவில் பெண்கள் சீண்டப்படுவது பற்றிய படிப்புத் திட்டம் அது. சீண்டப்பட்ட நாளில் உடுத்தியிருந்த உடையைக் கொண்டு வாருங்கள் என்ற அழைப்பின் மூலம் அது பல ஊர்ப் பெண்களின் கூட்டுக் கலைப்படைப்பாக வளர்ந்தது. உடை சேகரிப்பு அங்கே கண்காட்சிப் பொருளாகவும் சாட்சியமாகவும் ஒரே நேரத்தில் நின்றது.

கடல் கடந்தும் கதை ஒன்றுதான். ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் 1991-ல் நான்கு பெண் கலைஞர்கள் ‘வி.என்.எஸ். மேட்ரிக்ஸ்’ என்ற பெயரில் கணினி உலகின் ஆண்மைச் செருக்கைக் கேலி செய்து அறிக்கை விட்டார்கள். கனடாவின் மாண்ட்ரியலில் 1990-களின் நடுவில் தொடங்கிய ‘ஸ்டூடியோ எக்ஸ்எக்ஸ்’ அறிக்கையோடு நிற்காமல் ஓர் அறை பிடித்து, பெண்களுக்குக் கணினிப் பயிற்சியும், கருவியும், தங்கிப் படைக்க வாய்ப்பும், விழாவும் தந்தது. 2020-ல் ‘ஆடா எக்ஸ்’ என்று பெயர் மாற்றிக்கொண்டு இன்றும் இயங்குகிறது. அரசின் கலை நிதி ஆண்டுதோறும் அதற்கு வருவதும் இந்த நீண்ட ஆயுளுக்கு ஒரு காரணம். ஈழத்தில் மட்டக்களப்பின் சூரியா பெண்கள் அபிவிருத்தி நிலையத்துக்கு அத்தகைய அரச ஆதரவு கனவிலும் கிடையாது. போர்க்காலத்திலும் நாடகம், பாட்டு, ஓவியம் என்று பெண்களின் துயரத்தைப் பொதுவெளிக்குக் கொண்டுவந்த மரபு அங்கே தொடர்ந்தது. ஓவியர் வாசுகி ஜெயசங்கர் போன்றோரின் பணி, கலையையும் பெண்கள் இயக்கத்தையும் பிரிக்க முடியாமல் பின்னியிருக்கிறது.

எங்கே உடைகிறது?

இந்த முயற்சிகளை வரிசையாக வைத்துப் பார்த்தால், ஆதரவு என்பது நான்கு பொருளாகப் பிரிகிறது. அனுமதி கேட்காமல் தொடக்கூடிய கருவி. தன் அனுபவத்திலிருந்து பிறந்த கலைச்சொல். முதல் படைப்பைக் கேட்க, பார்க்க ஒரு பக்கத்துவீட்டுக் கூட்டம். படைத்ததைப் பத்திரமாக வைக்க ஒரு பெட்டி. ‘சங்கம் ஷாட்’ பிறந்த இடத்தில் முதல் மூன்றும் இருந்தன. நான்காவதில்தான் பலரும் சறுக்குகிறார்கள்.

நிதி தரும் நிறுவனத்துக்கு மூன்று ஆண்டுக் கணக்கு. பெண்ணுக்குத் தயக்கம் தீர்வதற்கே இரண்டு ஆண்டு. மூன்றாம் ஆண்டில் அவள் கை பழகும்போது கருவியைத் திருப்பி வாங்கிக்கொண்டு, அறிக்கையில் அவள் புகைப்படத்தை அட்டையில் போட்டுவிடுகிறார்கள். மஹிளா சமக்யா போன்ற நீண்டகால அரசுத் திட்டத்துக்கே 2016-ல் மத்திய நிதி நின்றது. கால் நூற்றாண்டுச் சங்க உழைப்பு அதோடு அநாதையானது. அந்தச் சங்கங்கள் பதிவு செய்த குரல்களையும் படங்களையும் அந்தப் பெண்களின் பேத்திகள் நாளை எங்கே போய்க் கேட்பார்கள் என்பது கலை வரலாற்றுக் கேள்வி.

கைப்பேசி வந்துவிட்டதே, இனி அறை எதற்கு என்று கேட்கலாம். 2019-21-ல் எடுக்கப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தாமே பயன்படுத்தும் கைப்பேசி உள்ள இந்தியப் பெண்கள் 54 விழுக்காடு. இணையத்தை ஒருமுறையாவது பயன்படுத்தியவர்கள் பெண்களில் 33 விழுக்காடு, ஆண்களில் 57 விழுக்காடு. கர்நாடகப் பெண்களில் சுமார் 35 விழுக்காட்டினரும், தமிழ்நாட்டுப் பெண்களில் சுமார் 47 விழுக்காட்டினரும்தான் இணையத்தைத் தொட்டிருந்தார்கள். அதன்பின் எண்ணிக்கை கூடியிருக்கும். ஆனால் வீட்டுக் கைப்பேசியில் கடவுச்சொல் யாருக்குத் தெரியும், காணொளியைப் போடும் முன் அண்ணன் பார்க்க வேண்டுமா, தன் முகம் தெரியாமல் குரல் மட்டும் போடலாமா போன்றவை எந்தக் கணக்கெடுப்பிலும் ஏறாத கேள்விகள். கைப்பேசி வீட்டுக்குள் இருக்கிறது, வீட்டின் விதியும் அதனோடு இருக்கிறது. அறை வீட்டுக்கு வெளியே இருப்பதால் அங்கே வேறு விதி சாத்தியம்.

பெண்ணியக் கூட்டம் என்று பெயர் வைத்துவிட்டால் மட்டும் உள்ளே சமத்துவம் வந்துவிடாது. ஆங்கிலம் தெரிந்தவர் பேச, தெரியாதவர் தேநீர் கொடுக்கும் பட்டறைகள் நம்மிடம் உண்டு. நகரத்துக் கலைஞர் இயக்குநராகவும் கிராமத்துப் பெண் ‘பங்கேற்பாளராக’வும் பெயர் போடப்பட்ட படங்கள் உண்டு. பட்டேல் ஷாட்டைக் கேமராவில் தவிர்த்துவிட்டு, பெயர்ப்பட்டியலில் எடுப்பவர்கள் இவர்கள். ஒரு கூட்டமைப்பை எடைபோட விரும்புகிறவர் அதன் கொள்கை அறிக்கையைப் படிக்கத் தேவையில்லை. படத்தின் இறுதியில் யார் பெயர் எந்த வரிசையில் ஓடுகிறது என்று பார்த்தால் போதும்.

மறுபடியும் மண்டி மொஹல்லா

மைசூருவில் இன்று இரண்டு ஓடைகள் தனித்தனியே ஓடுகின்றன. ஒன்று, காவாவும் கல்லூரிகளும் ஆண்டுதோறும் அனுப்பும் இளம் கலைஞர்கள். இரண்டு, சங்கங்கள் வழியாகவும் சிறு பயிற்சிகள் வழியாகவும் கருவி பழகிய பெண்கள். முதல் கூட்டத்துக்குத் தொழில்நுட்பம் தெரியும், சொல்ல வேண்டிய கதையைத் தேடுகிறது. இரண்டாவது கூட்டத்திடம் கதை மலையாகக் குவிந்திருக்கிறது, தொழில்நுட்பம் பாதியில் நிற்கிறது. இரண்டையும் சேர்த்துப் பேசுவது நம் கலைக்கல்வியில் வழக்கமில்லை.

சேர்க்க வேண்டுமானால் அதற்கு இடம் மண்டி மொஹல்லா மாதிரி ஒரு குடியிருப்பின் நடுவில்தான் அமைய வேண்டும். கலைக்கூடம் நகரின் வசதியான பகுதியில் இருந்தால், இரண்டு பேருந்து மாறி அங்கே வர ஒரு பெண் வீட்டில் பொய் சொல்ல வேண்டியிருக்கும். நடந்து வரும் தூரம் என்றால் பொய் தேவையில்லை. கூடம் திறந்திருக்க வேண்டிய நேரம் மாலை ஆறு மணியல்ல. பிள்ளைகள் பள்ளிக்குப் போனபின், மதியச் சமையலுக்கு முன், இடையில் கிடைக்கும் இரண்டு மணி நேரம். குழந்தையைத் தூக்கி வந்தால் படுக்க வைக்க ஒரு மூலை. தக்கனி உருதுவும் கன்னடமும் தமிழும் கலந்து பேசினால் திருத்த வராத ஆசிரியர். எடுத்த படத்தை வெளியிடலாமா என்பதை எடுத்தவரும் படத்தில் இருப்பவரும் சேர்ந்து முடிவு செய்யும் விதி. பதிவுகளின் ஒரு படி கூடத்தில், ஒரு படி அந்தப் பெண்ணின் கையில். சாவி, அந்தத் தெருவில் குடியிருக்கும் பெண்கள் மூவரிடம்.

இவற்றில் ஒன்றும் பெரும் பணம் கேட்பதில்லை. பழைய கணினி போதும், கட்டற்ற மென்பொருள் இலவசம், நல்ல ஒலிப்பதிவுக் கருவி ஒரு கைப்பேசியின் விலைதான். 1906-ல் திறந்த பெண்கள் மருத்துவமனையைக் கட்ட இதே மண்டி மொஹல்லாவில் நிலம் கிடைத்தது. இன்று ஓர் அறைக்கு வாடகை கிடைக்காது என்று யாரும் சொல்ல முடியாது. மாநகராட்சியும் கல்லூரியும் கலை அறக்கட்டளைகளும் மூன்று ஆண்டு என்று எழுதும் இடத்தில் பத்து ஆண்டு என்று எழுத முன்வர வேண்டும். சங்கம் ரேடியோவின் பெண்கள் உரிமத்துக்குக் காத்திருந்தது பத்து ஆண்டு. அவர்களுக்கு இருந்த பொறுமையைப் பணம் தருகிறவர்களிடமும் எதிர்பார்ப்பது தவறல்ல.